காப்பி இயந்திரம்: தேவையா, வீண்விரயமா?



இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு ஸஹர் நேரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து பாத்திரம் விழும் ஓசை கேட்டது. ஓடிச் சென்று பார்த்தேன். பித்தளை ஃபில்டர் தரையில் உருண்டு கிடந்தது. அடுப்பு மேடை முழுவதும் டிகாக்‌ஷன் வழிந்திருந்தது. என் மனைவி வலக்கை மணிக்கட்டை இடக்கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். சூடான டிகாக்‌ஷன் அவர் மேல் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஃபில்டர் காப்பி அருந்தும் வீடுகளில் இது தெரிந்த செய்திதான். சூட்டில் மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். இரு கைகளாலும் பிடித்துத் திருகினால்தான் பிரியும். என் மனைவி நான்கு ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கு மருந்து உட்கொண்டு வருகிறார். அதிகாலையில் அவருடைய விரல்கள் இயல்பாக மடங்குவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் அவர் அன்றாடம் ஃபில்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெங்களூருவில் பணிபுரியும் எங்கள் மகனுக்குச் செய்தி போயிற்று. மறுநாளே ஒரு படம் அனுப்பினான். கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அரைத்து, அழுத்தி, வடித்துக் கோப்பையில் ஊற்றும் முழுத் தானியங்கி எஸ்பிரஸோ இயந்திரம். விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். நான் ஒரே சொல்லில் விடை எழுதினேன்: "இஸ்ராஃப்."

அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்ததும், நம் வாப்பாமார் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார்கள் என்று வீட்டில் ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். மனைவி கோபப்படவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க எளிமைன்னு சொல்றது இருபத்தாறு வருஷமா என் கையால நடந்த வேலைங்க."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். பிறருக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு ஃபில்டரை நான் ஒருநாள்கூடத் திருகியதில்லை.

ஆகவே முதலில் நானே காப்பி போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் போட்டேன். நீர் கொதித்துச் சற்று அடங்கியபின் ஊற்றுவது, தூளை அளவாக அமுக்குவது, வடிவதற்குக் காத்திருப்பது, பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சுவது, கடைசியில் அந்தத் திருகல். என் நல்ல கைகளுக்கே சில நாள்களில் துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. எனக்கு மாதத்தில் பாதி நாள்கள் இரவுப் பணி. நான் இல்லாத அதிகாலைகளில் தஹஜ்ஜுத்துக்கு எழும் மனைவியும், எண்பது வயதைக் கடந்த என் உம்மாவும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள். உம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பி வேண்டும். உடனடிக் காப்பித்தூளைக் கலந்து கொடுத்தபோது, ஒரு மிடறு அருந்திவிட்டு, "இது யாருக்கு மருந்து?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் 'வீண்விரயம்' என்ற சொல்லை நான் எவ்வளவு எளிதாகக் கையாண்டுவிட்டேன் என்பது புரிந்தது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் இடமளித்துவிட்டு, வரம்பு மீறுவதைத்தான் விலக்குகிறது. வரம்பு என்பது விலைச்சீட்டில் இருக்கும் எண் மட்டும் அன்று. விலை குறைந்த பொருளை வாங்கி மூலையில் போடுவதும் விரயம்தான்; விலை கூடிய பொருள் ஒருவருடைய வலியைக் குறைத்துப் பல்லாண்டு பயன்பட்டால் அதைத் தேவை என்று சொல்லலாம். ஆனால் அப்படிப் பயன்படுமா என்பதை வாங்கும் முன்பே நேர்மையாக ஆராய வேண்டும்.

பள்ளிவாசலில் ஒரு நண்பர் சிரித்தார். "பாய், தேநீரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? காப்பி நம் வீட்டுப் பானமா?" என்றார். உண்மையில் காப்பியின் பழைய வரலாறு நம்மவர்களோடு பின்னிக் கிடக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ரில் விழித்திருக்க அதை அருந்தினார்கள். 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லே பல மொழிகள் வழியாகக் 'காப்பி' ஆயிற்று. 1511இல் மக்காவின் அதிகாரி ஒருவர் அதைத் தடை செய்தார், அத்தடை நீடிக்கவில்லை. நம் நாட்டில், சிக்கமகளூருவின் சந்திரகிரி மலைக்கு 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற பெரியார் யமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. இரவு வணக்கத்துக்கு எழுவதற்காகத் தேடப்பட்ட பானம், என் வீட்டில் தஹஜ்ஜுத்துக்கு எழும் ஒருவரின் கையை நோகச் செய்துகொண்டிருந்தது.

இனி, தேர்ந்தெடுத்த விதம். இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விலை குறைந்த வழிகளைத்தான் முதலில் பார்த்தேன். அரைத் தானியங்கி இயந்திரம் மலிவு. ஆனால் அதில் தூளை நாமே அமுக்கி, கைப்பிடியுள்ள கரண்டியை இயந்திரத்தில் மாட்டித் திருக வேண்டும். எந்தத் திருகலிலிருந்து தப்ப நினைத்தோமோ அதுவே திரும்பி வருகிறது. மின்சாரச் சொட்டுக் காப்பிக் கருவியில் கனமான கண்ணாடிக் குடுவையைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். இறங்குவதும் நீர்த்த டிகாக்‌ஷன்தான். குப்பி போட்டு எடுக்கும் இயந்திரம் கைக்கு எளிது. ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு குப்பி குப்பையாகும், கோப்பைக்கான செலவும் கூடும். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய இயந்திரம் கிடைக்குமா பார் என்றார் ஒருவர். உள்ளே எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண இயலாது என்பதால் அதையும் விட்டேன். பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும் என்ற நிலைக்கு முழுத் தானியங்கிதான் எஞ்சியது.

அடுத்தது பால். பாலை நுரைக்கும் கூசா கொண்ட வகைகளுக்கு விலை கணிசமாகக் கூடும். இயந்திரம் நுரைத்துத் தரும் பால் நம் நாவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். நாமோ பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஆவி பறக்கக் கலந்து பழகியவர்கள். பால் செல்லும் குழாய்களை அன்றாடம் கழுவவும் வேண்டும். எனவே பால் அடுப்பிலேயே காயட்டும், டிகாக்‌ஷனுக்கு மட்டும் இயந்திரம் என்று முடிவு செய்தோம். இதனால் அடிப்படை வகையே போதும் என்றாயிற்று. விளம்பரங்களில் காணும் '15 பார்' என்பதும் எங்களைக் கவரவில்லை. அது பம்பின் உச்ச அழுத்தம். எஸ்பிரஸோ இறங்குவதற்கு வேண்டியது ஏறத்தாழ 9 பார் அழுத்தமே.

மூன்றாவது, சிக்கரி. நம் ஃபில்டர் தூளில் சிக்கரி கலந்திருக்கும். அது நீரில் பிசுபிசுத்து இயந்திரத்தின் நுண்ணிய வடிகட்டியை அடைக்கும். கலப்பில்லாத, சர்க்கரைப் பூச்சில்லாத வறுத்த கொட்டையைத்தான் போட வேண்டும். அருகிலுள்ள காப்பிக் கடையில் பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரி இரண்டையும் அரைக்காமல் கேட்டு வாங்கினேன்.

நான்காவது, நீர். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், குளியலறைக் குழாயில் படியும் வெண்ணிறப் படலத்தை அறிவார்கள். அதே படலம் இயந்திரத்தின் வெந்நீர்க் குழாயிலும் படியும். ஆகவே இருபது லிட்டர் கேன் நீரைத்தான் ஊற்றுகிறோம். அப்போதும் இயந்திரம் அறிவிக்கும்போதெல்லாம் சுண்ணாம்பு நீக்கும் கரைசலை ஓடவிட வேண்டும்.

ஐந்தாவதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது: கழுவுவது. 'முழுத் தானியங்கி' என்ற பெயரில் ஒரு மயக்கம் இருக்கிறது. அரைப்பதும் வடிப்பதும் தானாக நடக்கும். சக்கைப் பெட்டியைக் கொட்டுவது, சொட்டு நீர்த் தட்டைக் கவிழ்ப்பது, உள்ளிருக்கும் வடிக்கும் பகுதியை வாரந்தோறும் கழுவுவது எல்லாம் ஒரு மனிதக் கையால்தான் நடக்க வேண்டும். பிலிப்ஸ், டெலோங்கி போன்றவற்றில் அந்தப் பகுதியைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம். யூரா போன்றவற்றில் அது உள்ளேயே பொருந்தியிருக்கும், மாத்திரை போட்டுத் தூய்மை செய்ய வேண்டும். நான் கழற்றக்கூடியதையே விரும்பினேன். ஆனால் கழற்றப் போவது யார்? அதுவும் என் மனைவிதான் என்றால், ஒரு நோவை எடுத்துவிட்டு இன்னொரு நோவை வைக்க 50,000 ரூபாய் செலவழிக்கிறேன் என்று பொருள். அதுதான் இஸ்ராஃப்.

கழுவும் பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று உறுதி செய்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசினோம்.

மகன் தன் கடன் அட்டையில் 'வட்டியில்லாத் தவணை' எடுத்துத் தருவதாகச் சொன்னான். விவரங்களைப் பார்த்தபோது, வங்கியின் கணக்கில் வட்டி இருக்கவே செய்தது. அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடி செய்கிறார், அவ்வளவே. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. சுழிய விழுக்காடு வட்டி என்று ஒன்று கிடையாது என 2013ஆம் ஆண்டிலேயே இந்திய ரிசர்வ் வங்கியும் சுட்டிக்காட்டியிருக்கிறது. எங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டேன். ஐயமானதை விட்டுவிட்டு ஐயமற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மகனுக்கு முதலில் வருத்தம். பின்னர் அவன் பங்காக மாதம் ஒரு தொகை, என் பங்காக ஒரு தொகை என்று சேர்த்தோம். பதினோரு மாதங்கள் ஆயின. அதுவரை, நான் வீட்டிலிருந்த நாள்களில் ஃபில்டர் என் கையில். நான் பணிக்குச் சென்ற நாள்களில் முதல்நாள் இரவே டிகாக்‌ஷன் வடித்து, திருகிப் பிரித்து வைத்துவிட்டுப் போவேன். பழைய டிகாக்‌ஷன் என்று உம்மா முகம் சுளிப்பார்கள், ஆனால் அருந்துவார்கள்.

இயந்திரம் வந்த முதல் நாள், இரு மடங்கு அளவில் வடித்துக் காய்ச்சிய பாலில் கலந்து கொடுத்தேன். மனைவி அருந்திவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு. ஆனா நம்ம காப்பி இல்லை." சிக்கரியின் கனம் இல்லைதான். கொட்டையை மாற்றி, அரைக்கும் பதத்தை நுண்மையாக்கி, மூன்று வாரங்களில் உம்மாவின் ஒப்புதலைப் பெற்றோம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் மாதத்தில் சுண்ணாம்பு நீக்கச் சொல்லும் விளக்கு எரிந்தது. இரவுப் பணியைச் சாக்கிட்டு இரண்டு வாரங்கள் தள்ளிப்போட்டேன். காப்பி மெல்லிய நூலாக, ஆறிப்போய் இறங்கத் தொடங்கியது. ஒருநாள் பணி முடிந்து வந்தபோது, மனைவி அந்தக் கைகளோடு சொட்டு நீர்த் தட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சமையலறை நாள்காட்டியில், ஜுமுஆவுக்குக் குளிக்கப் போகும் முன் கழுவ வேண்டியவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். இயந்திரம் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே அலசிக் கொட்டும் நீர் மாடியில் உள்ள கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

பித்தளை ஃபில்டரை நாங்கள் தூக்கி எறியவில்லை. வெந்நீருக்காக அதிக மின்சாரம் இழுக்கும் இந்த இயந்திரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. மின்தடை நாள்களிலும் பெருநாள் காலையிலும் ஃபில்டர்தான். அதைத் திருகிப் பிரிப்பது என் வேலை.

எல்லா வீட்டுக்கும் இந்த இயந்திரம் தேவை என்று நான் சொல்லவில்லை. நலமான கைகள் உள்ள வீட்டில், ஆளுக்கொரு நாள் முறைவைத்துக் காப்பி போட்டால் 50,000 ரூபாய்க்கு வேலையே இல்லை. ஆனால் 'எளிமை' என்று சொல்லி ஒரு பொருளை மறுக்கும் முன்பும், 'வசதி' என்று சொல்லி ஒன்றை வாங்கும் முன்பும், அந்த வேலை யாருடைய கையில் இருக்கிறது, இனி யாருடைய கைக்குப் போகும் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு, ஃபஜ்ர் பாங்கு வரை மனைவி கையில் கோப்பையோடு அமர்ந்திருக்கிறார். சூடான கோப்பையைப் பிடித்திருப்பது விரல்களுக்கு இதமாக இருக்கிறதாம்.

நம் வீடுகளில் நமக்காக உழைக்கும் கைகளை நாம் அறிந்துகொள்ளவும், வரம்பு மீறாமல் வாழவும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.