புள்ளி எட்டு அங்குலம்

ப்ராசஸர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. ரேமும் எஸ்எஸ்டியும் ஆன்லைனில் வந்தன. மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினெட் மூன்றையும் இங்கே மைசூருவில் தேவராஜ அரசு சாலைப் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி எடுத்தேன். எல்லாவற்றையும் குவெம்புநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலைக் காபிக்குள் கணினியாக்கிவிட்டேன். முதல் முறை என்ற பயம் ப்ராசஸரை வைக்கும்போது மட்டும்தான் இருந்தது. அடியில் 1,331 ஊசிக்கால்கள். ஒன்று வளைந்தாலும் காசு போச்சு. மூலையில் தங்க நிறத்தில் ஒரு சின்ன முக்கோணம், சாக்கெட்டின் ஒரு மூலையிலும் அதே முக்கோணம். இரண்டையும் நேர்படுத்திக் கையை எடுத்தால் தானாக உள்ளே இறங்கிவிடுகிறது. அழுத்தவே கூடாது.

அதன் உலோக மூடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: டிஃப்யூஸ்டு இன் யுஎஸ்ஏ, டிஃப்யூஸ்டு இன் தைவான், மேட் இன் சைனா. விரல் நக அளவுச் சில்லுகளைச் செதுக்க இரண்டு நாடு, அவற்றை ஒன்றாகப் பொதிந்து மூட இன்னொரு நாடு. மற்ற பெட்டிகளிலும் இப்படித்தான் ஆளுக்கொரு ஊர்.

ஆனாலும் எல்லாம் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் எனக்கு உறுத்தியது. குழாய்க்கு வாஷர் வாங்கி வந்தால் பாதி நேரம் திரும்பக் கடைக்கு நடக்க வேண்டியிருக்கிறது. இங்கே யாரோ செய்த கேபினெட்டில் வேறு யாரோ செய்த போர்டின் துளைகள் ஒன்றுகூட ஒரு மயிரிழை விலகவில்லை. இதை யார் ஒப்புக்கொண்டார்கள், எப்போது?

பிடிகொடுத்தவை இரண்டு. ஒன்று, கேபினெட்டோடு வந்த ஸ்க்ரூ பை. அதில் இரண்டு ரகம் இருந்தது, பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றின் மரை நெருக்கம், மற்றதன் மரை அகலம். நெருக்கமானது எம்3 என்ற மெட்ரிக் திருகு. அகலமானது அமெரிக்க அளவு: ஆறாம் நம்பர், அங்குலத்துக்கு 32 மரை. இரண்டாவது, கிராஃபிக்ஸ் கார்டுக்காக நான் கழற்றிய பின்பக்கத் தகடுகள். ஒரு தகட்டின் விளிம்பிலிருந்து அடுத்த தகட்டின் அதே விளிம்புக்கு ஸ்கேல் வைத்தேன். இரண்டு சென்டிமீட்டர், அதற்கு மேல் ஒரு துளி. சரியாகச் சொன்னால் 20.32 மில்லிமீட்டர். மெட்ரிக்கில் யோசிக்கிற எவனும் இப்படி ஒரு எண்ணை வைக்கமாட்டான். அங்குலத்தில் போட்டுப் பார்த்தால் சுத்தமாக 0.8.

இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை ஆவணத்தைத் தேடிப் பிடித்தேன். இன்று கடையில் கிடைக்கும் போர்டுகளும் கேபினெட்டுகளும் பெரும்பாலும் அதன் வழிவந்தவைதான். துளைகளின் இடம், பின்பக்க ஜன்னலின் அளவு எல்லாம் அங்குலத்தில் இருந்தன. ஆனால் 0.8 இன்டெலின் சொந்தச் சரக்கில்லை. சந்தையில் இருந்த கார்டுகள் வீணாகக்கூடாதே என்று பழையதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பின்னே போனால் 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் எக்ஸ்டி. அதற்கும் முன்னே, 1981 ஆகஸ்ட் 12இல் வெளியான முதல் ஐபிஎம் பிசியில் கார்டு சொருகும் ஸ்லாட்டுகள் ஐந்து, ஓர் அங்குல இடைவெளியில். எக்ஸ்டியில் எட்டு ஸ்லாட்டுகள் தேவைப்பட்டன. பெட்டியின் அகலம் கூடவில்லை, இடைவெளி 0.8 ஆகச் சுருங்கியது. அவ்வளவுதான் கதை. ஸ்லாட்டுக்குள் ஓடும் மின்சார ஏற்பாடு அதன் பிறகு எத்தனையோ முறை மாறிவிட்டது. தகட்டின் இடைவெளி மாறவில்லை.

ஃபுளோரிடாவின் போகா ராட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு ஏறக்குறைய ஒரு வருடத்தில் அந்த முதல் பிசியை முடித்தது. சொந்தமாக எல்லாம் செய்ய நேரமில்லை. இன்டெலின் 8088, மைக்ரோசாஃப்டின் டாஸ் என்று வெளியில் கிடைத்ததை வாங்கிப் போட்டார்கள். மற்றவர்கள் கார்டு செய்து விற்கட்டும் என்று சர்க்யூட் படத்தையும் கணினியை எழுப்பும் பயாஸ் நிரலையும் கையேடாக அச்சிட்டுக் காசுக்கு விற்றார்கள். பயாஸுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, யார் காப்பியடிப்பார்கள் என்ற தைரியம். காம்பேக் நிறுவனம் வேறு வழி பார்த்தது. ஒரு குழு அந்த பயாஸ் என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதித் தர, மூல நிரலைக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு புதிதாக ஒன்றை எழுதியது. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இப்படி எழுதிய பயாஸை எவர் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவான்காரர்களைப் பிடிக்க முடியுமா? 1987இல் ஐபிஎம் விழித்துக்கொண்டு, உரிமக் கட்டணம் கேட்கும் புதிய ஸ்லாட்டோடு பிஎஸ்/2 வரிசையைக் கொண்டுவந்தது. ஊர் கேட்கவில்லை. தான் வைத்த அளவின் மீது ஐபிஎம்முக்கே பிடி இல்லாமல் போனதால்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் பிழைத்தன என்பது என் கணக்கு.

இவ்வளவையும் எதிர்வீட்டு மாமாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைசூரு ஐயங்கார். நான் சேர்த்த பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“சால்டரிங் அயர்னைக் கையில எடுத்தியா?”

“இல்லை மாமா. எல்லாம் சொருகறதுதான்.”

“அப்புறம் என்னத்தைப் பண்ணினேங்கறே? எங்க காலத்துல ஒரு ஐசி போச்சுன்னா அதை மட்டும் பிடுங்கி வேற வைப்போம். நீங்க போர்டையே தூக்கிப் போடறேள்.”

கையோடு அவர் இன்னொன்றையும் கிளப்பிவிட்டார்: இந்த ஊரிலேயே கணினி செய்தார்கள், தெரியுமா? இத்தனை வருடம் இங்கிருந்தும் நான் யோசிக்காத விஷயம். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறை என்ற சட்டத்துக்கு அது இணங்கவில்லை. காலியான இடத்தில் எச்சிஎல், டிசிஎம் எனப் பலரும் இறங்கினார்கள். 1945இல் மகாராஷ்டிரத்தின் அமல்னேரில் சமையல் எண்ணெய்க் கம்பெனியாகத் தொடங்கிய விப்ரோவும் இறங்கியது. பெங்களூரில் ஸ்ரீதர் மிட்டா தலைமையிலான குழு இன்டெல் 8086ஐ வைத்து ஒரு மினிகம்ப்யூட்டரை வடிவமைத்தது. கணினித் தொழிற்சாலை மைசூரில். போகா ராட்டனில் பிசி உருவான அதே காலகட்டம், ஏறக்குறைய அதே சில்லுக் குடும்பம். ஆனால் அந்தக் கால மினிகம்ப்யூட்டர்களில் ஒரு கம்பெனியின் போர்டு அடுத்த கம்பெனியின் பெட்டியில் ஏறாது. பிசி வந்தபின் இந்தியக் கம்பெனிகளும் அதே 0.8 அங்குல வரிசையில் வந்து நின்றன. விப்ரோ 2013இல் பிசி தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. மைசூருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் நஞ்சன்கூட்டில் ஆஸ்திரிய நிறுவனமான ஏடி அண்ட் எஸ் சர்க்யூட் போர்டு செய்கிறது. என் மதர்போர்டு என்னவோ கடல் தாண்டித்தான் வந்திருக்கிறது.

மாமாவின் கேள்விக்கு நேர்மையான பதில், நான் ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான். ஆனால் பண்ணாமலேயே முடிந்ததற்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “எல்லாம் கடைச்சரக்கு” என்று எழுந்து போய்விட்டார்.

அளவெல்லாம் மாறவில்லை என்று ஆவணத்தில் படிப்பது வேறு, வைத்துப் பார்ப்பது வேறு. பக்கத்துத் தெருவில் ஒரு டைப்பிங் சென்டரை மூடியபோது வெள்ளையிலிருந்து மஞ்சளாகிப்போன கேபினெட் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 2001 என்று இருந்தது. அக்காள் மகனுக்காக வாங்கிய புதிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை அதற்குள் இறக்கினேன். பித்தளைத் தாங்கிகளை இரண்டு இடம் மாற்றியதும் துளைகள் எல்லாம் நேருக்கு நேர் நின்றன. புதிய போர்டோடு வந்த பின்பக்கத் தகடு ‘டிக்’ என்று ஜன்னலில் உட்கார்ந்தது. பவர் பட்டனின் இரண்டு கம்பியைச் சொருகி அழுத்தினால் இருபது வருடத்துக்கு மேல் மூத்த பட்டன் புதிய போர்டை எழுப்புகிறது. முன்பக்கத்தில் யூஎஸ்பி கிடையாது. ஃபிளாப்பிக்கான வாய் சும்மா திறந்து கிடக்கிறது. காற்றோட்டமும் போதாது, அந்தக் காலத்துச் சூடு வேறு. வெயில் மாதங்களில் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். தூசி அடையும் என்று அக்காள்தான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.