யார் தூக்குவது?

மலாயில் கருப்பைக்கு ரஹிம் என்று பெயர். அம்மா அந்தச் சொல்லைக் காய்கறிப் பெயர் மாதிரி சாதாரணமாகச் சொல்வார். தமிழில்தான் அவருக்கு அதற்குச் சொல் கிடையாது. ‘வயிறு’ என்பார், ‘உள்ள’ என்பார், மிஞ்சிப்போனால் ‘பொம்பளைங்க சமாச்சாரம்’. அதனால் 58 வயதில், மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து, மறுபடியும் இரத்தம் பட்டபோது அம்மா அதைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம்தான் முதலில் சொன்னார். அந்த அக்கா என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, “அம்மாவை கிளினிக்குக் கூட்டிட்டுப் போ, தள்ளிப் போடாதே” என்றார்.

அதற்குள் இரண்டு மாதத்தில் மூன்று முறை பட்டிருந்தது. அம்மா அதை உடம்புச் சூடு என்று முடிவுகட்டி வெந்தயமும் இளநீருமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, போனில் “வயசு திரும்புது போல அண்ணி” என்று சிரித்தாராம்.

சிரிக்கிற விஷயம் இல்லை. மாதவிடாய் முழுசாக ஒரு வருடம் நின்றபிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். இப்படி வருகிற பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். பலருக்குக் காரணம் உள்சுவர் மெலிந்து வறண்டு போவதுதான். ஆனால் அதையே திருப்பிப் பார்த்தால், கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர். இத்தனை தெளிவாக மணி அடிக்கிற அலாரம் எங்கள் லைனில்கூட இல்லை.

சுங்கை பட்டாணியில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்தோம். அங்கிருந்து கடிதத்தோடு பெரிய மருத்துவமனை. டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் உள்ளே இருக்கலாமா என்று என்னைக் கேட்காமல் அம்மாவைக் கேட்டார். “இருக்கட்டும், எனக்கு ரெண்டு காது பத்தாது” என்றார் அம்மா. ஸ்கேனில் உள்சுவர் 11 மில்லிமீட்டர். நின்றுபோன பெண்ணுக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். மெல்லிய குழாயை விட்டு எடுத்தார்கள். திரைக்கு வெளியே நின்ற எனக்கு அம்மாவின் குரல் ஒரே ஒரு முறை கேட்டது. வெளியே வந்து, “உன்னையப் பெத்ததே தேவல” என்றார்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தன. அவற்றின் உருவம் மாறியிருக்கவில்லை, அதுதான் நல்ல செய்தி. சூலகம் ஓய்ந்தபிறகும் உடம்பின் கொழுப்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும், அதை அடக்கிவைக்கும் இன்னொரு ஹார்மோன் இல்லாததால் உள்சுவர் தடிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அம்மா கொஞ்சம் பருமன், சர்க்கரையும் உண்டு. இரண்டும் இதற்கு வழி திறந்துவிடுபவை.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஹார்மோனை மெதுவாகக் கசியவிடும் சின்னக் கருவியை உள்ளே வைப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும், வழக்கமாக முதலில் இதைத்தான் சொல்வோம் என்றார். அது கர்ப்பத்தடைக்கும் வைப்பது என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு. “இந்த வயசுல எனக்குக் குடும்பக் கட்டுப்பாடா?” இன்னொன்று, கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது. இந்த வகை வளர்ச்சி 20 வருடத்தில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, ஆகவே அவசரம் இல்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

நான் எனக்குத் தெரிந்த விதத்தில் யோசித்தேன். தொழிற்சாலையில் ஒரு பழுது எவ்வளவு மோசம், எத்தனை அடிக்கடி வரும், வந்தால் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று மூன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண் போட்டுப் பெருக்குவோம். அதே அட்டவணையை அம்மாவுக்கும் போட்டேன். மயக்க மருந்து, சர்க்கரை, தையல் ஆறுவது, கருவி நழுவுவது எல்லாம் வரிசையாக வந்தன. கருவிதான் ஜெயித்தது. நான் காட்டுவதற்கு முன்பே அம்மாவும் அதையே சொன்னார். “அந்தக் கருவியே போதும். ஆபரேஷன்னா பயம்.”

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரசவம் இரண்டும் குடல்வால் ஆபரேஷனும் பார்த்த அம்மா கத்திக்குப் பயந்து நான் கண்டதில்லை. அன்று இரவு சோறு போடும்போது மறுபடியும் கேட்டேன். பாட்டி படுத்திருந்த அறையைப் பார்த்தபடி சொன்னார்:

“ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாதுன்னாங்களே. அத்தையை யாருடா தூக்குவா?”

பாட்டி என் அப்பாவின் அம்மா. வயது 84. பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கை. அப்பாவும் இல்லை. அண்ணன் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். என் அட்டவணையில் பதினாறு வரிகள் இருந்தன. பாட்டி எந்த வரியிலும் இல்லை. அம்மா வைத்திருந்த கணக்கில் அந்த ஒரு வரிதான் இருந்தது.

பட்டர்வொர்த் அத்தைக்குப் போன் போட்டேன். “கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு, வயசான பிறகு எதுக்கு அது” என்று முதல் நாளே சொன்னவர் அவர்தான். சரி அத்தை, மூன்று வாரம் பாட்டியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி மூன்று வாரம் நான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாடிப்படி இருக்கிறது, மாமாவுக்கு இடுப்பு வலி என்றார். நான் எதுவும் பேசவில்லை. “அம்மாதானே, கொண்டு வா” என்று கடைசியில் சொன்னார். குரல் உடைந்திருந்தது. பகலில் உதவிக்கு ஆள் வைக்க அண்ணன் பணம் அனுப்புவதாகச் சொன்னான்.

அதன்பிறகு அம்மாவிடம் போய், பாட்டிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, இப்போது சொல்லுங்கள், எது வேண்டும் என்று கேட்டேன். ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் துணி மடித்துக்கொண்டே, “எடுத்துடலாம்” என்றார். “ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி அந்தக் குழாயும் வேணாம், ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தூங்காம கெடக்கறதும் வேணாம். ரஹிம் அது வேலையச் செஞ்சு முடிச்சிருச்சு.”

கருவி தப்பான முடிவு என்று நான் சொல்லவில்லை. இதே ரிப்போர்ட்டோடு வேறொரு பெண் கருவியைக் கேட்டால் அவருக்கு அதுதான் சரி. நம் அம்மாக்கள் ‘பயம்’ என்றோ ‘பரவால்ல’ என்றோ சொல்லும்போது அதன் பின்னால் யாருடைய படுக்கை, யாருடைய சாப்பாடு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டால்தான் அவர்கள் தங்களுக்கென்று ஒரு பதில் சொல்ல முடியும்.

டாக்டர் அம்மா சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். முதலில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், தேதிக்குக் காத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் அம்மா எனக்குப் பாட்டியைப் புரட்டவும் நாற்காலிக்கு மாற்றவும் கற்றுக்கொடுக்கிறார். “முதுகால தூக்காத, முட்டிய மடக்கு, அத்தை கைய உன் தோள்ல போட்டுக்கோ.” பாட்டி 47 கிலோ. அம்மா இதை ஒரு நாளைக்கு எட்டு முறை செய்கிறார்.