பெயர் எழுதாத பக்கம்

கலாசாலையில் ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 1942 முதல் 1944 வரை ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து, 1945-ல் ஜெர்மானியர் முகாமில் மாண்ட யூதச் சிறுமி அவள். 'மானிட தர்மம்' என்று மூன்று பக்கம் அளந்தேன். மதிப்பெண் கிடைத்தது, அதற்கென்ன குறைச்சல்!

விடுமுறையில் நார்த்தாமலைக்கு வந்தபோது அப்பத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் பெண் எழுதி வைத்தாள், நீ படித்தாய். மலாயாவுக்குப் போன என் பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனான் என்பார்கள். அவர் கதையை எந்தப் புஸ்தகத்தில் படிப்பாய், ஐயா?" என்றாள்.

1942-43-ல் அப்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. இங்கே மேலமலைக் கோயிலைக் கட்டிய சாத்தன் பூதியின் பெயரோ ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல்லில் நிற்கிறது!

காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் பெயரைக் கேட்டேன். அப்பத்தா வெகுநேரம் யோசித்தாள்.

"மலாயாப் பெரியப்பா என்றுதான் சொல்வார்கள்" என்றாள்.