கையும் நாவும்

இல்லங்களில் அன்றாடம் சமைப்போரிடம், "இன்னும் எதைச் செம்மையாகக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தால், புதிய பலகாரங்களின் பெயர்களைச் சொல்வோர் சிலரே. வெங்காயத்தை ஒரே அளவாய் நறுக்க வேண்டும், தாளிதத்தைக் கருகாமல் இறக்க வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக உப்பு என்றும் ஒரே சீராய் அமைய வேண்டும் என்பனவே பலருடைய ஏக்கம். முப்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர்களையும் இந்த ஏக்கம் விட்டபாடில்லை. எங்களுக்கும் அது உண்டு. ஆனால் அதை நாங்கள் உணர்ந்த விதம் சற்று வேதனையானது.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். இரு பெண்களும் நடுவில் ஓர் ஆணும். ஊர் தூத்துக்குடி. வெயில் ஏறும் மாதங்களில் ஊர்ப்புறத்து உப்பளங்களில் வெண்குன்றுகளாய் உப்பு குவிந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். உப்பின் அருமையை நாங்கள் அறிவோம் என்றே எண்ணியிருந்தோம்.

எங்கள் அம்மா கரண்டியால் அளந்து நாங்கள் கண்டதில்லை. பீங்கான் சாடியிலிருந்து கல் உப்பைக் குழிந்த உள்ளங்கையில் அள்ளுவார்கள், ஒருமுறை குலுக்குவார்கள், குழம்பில் இடுவார்கள். அவ்வளவுதான். சாளைக் குழம்போ, நெத்திலி அவியலோ, வெறும் பருப்புச் சாறோ, எதுவாயினும் ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அக்கம்பக்கத்தார் அதனைக் கைப்பக்குவம் என்றனர். நாங்களும் அப்படியே சொல்லி, அதனைக் கற்கும் பொறுப்பினின்று எளிதாய் நழுவிக்கொண்டோம். பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால், பிறகு அதனைக் கற்க வேண்டிய தேவை இல்லை அன்றோ?

2018-ஆம் ஆண்டு அப்பா காலமானார். மறு ஆண்டில் அம்மாவின் குழம்பில் உப்பு தூக்கலாய் இருக்கத் தொடங்கியது. முதலில் துயரத்தின் தடுமாற்றம் என்று நினைத்தோம். பின்னர் முதுமை என்று முடிவு கட்டினோம். வயது எழுபத்தாறு, முதுமையில் நாவும் மூக்கும் கூர்மை குன்றுவது இயல்பே. எனவே நாங்கள் எதுவும் சொல்லவில்லை. தயிரைக் கூடுதலாய் ஊற்றிக்கொண்டோம். அவர்கள் அப்பால் சென்ற வேளையில் குழம்பில் வெந்நீர் விட்டோம். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தோம். கிழங்கு தான் குடிக்கும் சாற்றோடு சேர்ந்த உப்பைத்தான் கொள்ளும். எஞ்சிய சாற்றின் கரிப்பு அப்படியே நிற்கும் என்பதைப் பட்டறிந்தோம். நீரோ காயோ பருப்போ சேர்த்து அளவைப் பெருக்குவதன்றி அதற்கு வேறு மருந்தில்லை.

இவ்வாறு ஓராண்டுக் காலம் அன்பு என்ற பெயரில் மௌனம் காத்தோம். இதற்கிடையே அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். அவர்கள் ஊறுகாயை விட்டார்கள், கருவாட்டை விட்டார்கள், அப்பளத்தையும் விட்டார்கள். அழுத்தம் இறங்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும்; வாய் திறக்கத்தான் துணிவில்லை.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் உணவுக்கு அமர்ந்தோம். ஏழு வயதுப் பேரன் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்து, "பாட்டி, ஒரே உப்பு!" என்று உரக்கச் சொன்னான். அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூவரும் தலை கவிழ்ந்திருந்தோம். "எத்தனை நாளா இப்படி இருக்கு, மக்கா?" என்று கேட்டார்கள். யாரும் விடை சொல்லவில்லை. மறுநாள் அவர்கள் அடுப்படிக்குள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அதன் பிறகே எங்கள் வறுமை வெளிப்பட்டது. மூத்தவள் சமைத்தாள், அவளுக்குச் சமைக்கும்போதே சுவை பார்க்கும் பழக்கமில்லை. இளையவள் சமைத்தாள்; எதற்கும் அடுப்பை முழுத் தீயில் வைப்பதே அவள் வழக்கமாகையால் கடுகு வெடிக்குமுன் வெந்தயம் கருகிக் குழம்பு கசந்தது. நடுவில் பிறந்தவன் மொட்டைக் கத்தியால் வெங்காயத்தை நசுக்கினான். பெரிய துண்டு வேகாதிருக்கச் சிறிய துண்டு தீய்ந்தது. ஒருநாள் பருப்போடு புளியையும் சேர்த்தே வேகவைத்துவிட்டு, பருப்பு ஏன் மசியவில்லை என்று வியந்து நின்றோம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகாது என்பது அம்மாவுக்கு மூச்சு விடுவதுபோல் தெரிந்த செய்தி. உண்டே பழகிய எங்களுக்கு அது தெரியவில்லை.

மூவரும் அம்மாவிடம் சென்று, ஓராண்டு சொல்லாதிருந்த தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டோம். பிறகு, "எங்களுக்குக் கற்றுத் தாங்க" என்றோம். "எனக்கே தப்பிப் போச்சு, நான் என்னத்தச் சொல்லித் தர?" என்றார்கள். பெரிதும் வற்புறுத்திய பின்னரே எழுந்து வந்தார்கள்.

ஆறு பேருக்கான குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டோம். வாயால் சொல்ல அவர்களால் இயலவில்லை. எனவே சிறு தராசு ஒன்றை வாங்கி வைத்து, கையால் அள்ளித் தரச் சொன்னோம். ஐந்து முறை அள்ளினார்கள். ஐந்து முறையும் 19 கிராமை ஒட்டியே முள் நின்றது. முதுமையால் தடுமாறும் கை இப்படியா ஒரே அளவை அள்ளும்? நாங்கள் திகைத்து நிற்க, அம்மா தம் உள்ளங்கையை உற்றுப் பார்த்து, "இது அப்பா வாங்கியார உப்பு இல்லையே" என்றார்கள்.

அப்போதுதான் விளங்கிற்று. அப்பா இருந்தவரை வீட்டில் கல் உப்பே இருந்தது. அவருக்குப் பின், கடைக்குச் செல்லும் பொறுப்பேற்ற நாங்கள் பொட்டலத்தில் வரும் தூள் உப்பை வாங்கிச் சாடியில் கொட்டினோம். கல் உப்பின் பரல்களுக்கு இடையே வெற்றிடம் மிகுதி. தூளோ நெருங்கிப் படியும். ஆகவே ஒரே உள்ளங்கைக் குழியில் தூள் உப்பு கூடுதல் எடை கொள்ளும். கல் உப்பை வரவழைத்து அள்ளச் சொன்னோம். முள் 14 கிராமில் நின்றது.

அம்மாவின் கை தவறவேயில்லை. உப்பை மாற்றியவர்கள் நாங்கள். முதுமை செய்ததெல்லாம், மாறிப்போன அந்த உப்பின் மிகுதியை அவர்களுடைய நாவுக்கு உணர்த்தாமல் விட்டது ஒன்றுதான். நாவாக இருந்து உணர்த்த வேண்டிய நாங்களோ மௌனிகளாய் இருந்தோம்.

வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 19 கிராமை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஒரு வேளைக் குழம்பிலேயே ஒருவருக்கு 3 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. ஆகவே பழைய 14 கிராமோடும் நாங்கள் நின்றுவிடவில்லை. அம்மாவின் யோசனைப்படி வாரந்தோறும் சிறிது சிறிதாய்க் குறைத்து 10 கிராமுக்கு வந்தோம். புளியைச் சற்றே கூட்டியும், மிளகைப் புதிதாய் இடித்தும், சீரகத்தை வறுத்தும் சேர்த்தால் உப்பின் குறை அவ்வளவாய்த் தெரிவதில்லை. நாவும் சில வாரங்களில் பழகிக்கொள்கிறது.

இப்போது அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. அடுப்படி வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார்கள். கண் பார்க்காமலே காதால் சமைப்பார்கள். கடுகு வெடிக்கும் ஓசை தணிந்ததும், "இப்ப வெந்தயத்தப் போடு" என்பார்கள். குழம்பு கொதிக்கும் ஓசை கனத்ததும், "எண்ணெய் மேல வந்துட்டா, பாரு" என்பார்கள், வந்திருக்கும். மீனைக் கடைசியில் இட்டபின் கரண்டியால் கிளறவிடமாட்டார்கள். சட்டியையே பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். உப்பிட்ட உடனே சுவை பார்ப்பதும் கூடாது. கல் கரையட்டும் என்று சற்றுப் பொறுத்து, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, ஊதி ஆற்றிய பின்னரே நாவில் வைக்க வேண்டும். கொதிக்கும் குழம்பில் நாவு சுவையறியாது.

கைப்பக்குவம் என்பது வரமன்று. கவனித்தல் என்னும் உழைப்பே அது என்று இன்று அறிகிறோம். எந்த உப்பு, எந்தத் தீ, எந்த ஓசை என்று அறுபது ஆண்டுகள் கவனித்த ஒருவரின் கையை, நாங்கள் ஒரு நாளும் கவனித்ததில்லை. சமையலில் நாம் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டியவற்றுள் இதுவே முதன்மையானது எனத் தோன்றுகிறது. அடுத்தது, உணவு மேசையில் உண்மையை அன்போடும் காலத்தோடும் சொல்லக் கற்பது.

அம்மாவே இன்றும் உப்பு இடுகிறார்கள். சாடியை நாங்கள் நீட்டுகிறோம்; அவர்கள் கல் உப்பை அள்ளி, முன்னைவிடச் சற்றுக் குறைத்து, ஒருமுறை குலுக்கி இடுகிறார்கள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்கு, சொல்லு" என்கிறார்கள். இப்போது நாங்கள் சொல்லிவிடுகிறோம்.