தோளில் தொங்கும் 48,000 ரூபாய்

காலேஜ் அட்மிஷன் முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரு பஞ்சாயத்து கூடும். எந்த லேப்டாப் வாங்குவது? அண்ணன் ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார், யூட்யூப் ஒன்பது சொல்லும். தூக்கிக்கொண்டு அலையப் போகிறவளை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள் :)

அரக்கோணத்தில் ஒரு வீட்டில் நடந்த பஞ்சாயத்து இது. பெண் பி.காம். முதலாம் ஆண்டு, சென்னையில் கல்லூரி. தினமும் லோக்கல் ட்ரெயின். சென்ட்ரல் வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், போக இரண்டு மணி நேரம் போல ஆகும், பாதி நாள் நின்றுகொண்டேதான். அம்மா கட்டி வந்த சீட்டை எடுத்ததில் கையில் நின்றது 48,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தப்பான பொருளை வாங்கிவிட்டால் படிப்பு முடியும் வரை அதோடுதான் குடித்தனம்.

வீட்டில் லேப்டாப்பே இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது ஒன்று இருக்கிறது. பேட்டரி செத்துப் பல வருஷமாகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். மடிக்கணினி என்று பேர்தானே தவிர அது அம்மாவின் தையல் மெஷினை விட்டு இறங்கியதே இல்லை. ஆனாலும் அக்கா டிகிரி முடித்ததும், இவள் டேலி பழகியதும் அதில்தான்.

அப்பா ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவர். அவருக்கு ஒரே நிபந்தனை. "நம்பர் பேட் இல்லாத கம்ப்யூட்டர் கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கீபோர்டைப் பார்க்காமலே வலது கையால் அவர் எண்களைத் தட்டும் வேகம் வீட்டுக்கே தெரியும். மாமா பையன் நம்பர் பேடோடு ஒரு கேமிங் லேப்டாப்பைச் சிபாரிசு செய்தான். 15.6 இன்ச், எடை 2.3 கிலோ. அதோடு வரும் அடாப்டரைச் சேர்த்தால் முக்கால் பங்கு செங்கல்... ஏறக்குறைய 2.75 கிலோ. "பெருசா வாங்கினா சி.ஏ. வரைக்கும் தாங்கும்" என்று அப்பாவும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் அம்மா ஒரு யோசனை சொன்னார். ரேஷன் அரிசியை இரண்டே முக்கால் கிலோ எடை போட்டு, துணிப்பையில் கட்டி, மகளின் காலேஜ் பேக்கில் வைத்தார். "ஒரு நாள் தூக்கிட்டுப் போய்ட்டு வா. அரிசி ஒரு மணி குறையாம வரணும்."

போனாள். புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அரிசி. திருவள்ளூர் வரும்போதே பேக்கை இறக்கிக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். சாயந்திரம் திரும்பும்போது தோளில் பட்டை பதிந்த தடம். மறுநாள் ஒன்றரை கிலோ அரிசி. வித்தியாசம் வெறும் ஒன்றேகால் கிலோதான், ஆனால் அன்றைக்கு அரிசி இருக்கிற ஞாபகமே இல்லாமல் வீடு வந்து சேர்ந்தாள். லேப்டாப் வாங்க இதைவிட நல்ல ரிவ்யூ எந்தச் சேனலிலும் கிடைக்காது.

லேசாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 பத்து கிலோவுக்கு மேல் எடை. கையில் தூக்கிப் போகும் கம்ப்யூட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். 2007-இல் வந்த அசூஸ் ஈ பிசி ஒரு கிலோ கூட இல்லை, 7 இன்ச் திரை, பிரபலமான மாடலில் சேமிப்பு 4 ஜிபி. மாணவர்கள் ஆசையாக வாங்கினார்கள். பொடிப்பொடி கீகளில் விரல் நுழையவில்லை. சில வருஷங்களில் நெட்புக் என்ற இனமே போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் குரோம்புக் இருக்கிறது. ஆனால் காமர்ஸ் ஆட்களுக்கு ஒரு சிக்கல்: டேலியை அதில் நேரடியாகப் போட முடியாது, விண்டோஸ் வேண்டும். விலை குறைவு என்று வாங்கிவிட்டு அப்புறம் லேப் கம்ப்யூட்டருக்கு வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. விற்பனையாளர் புராசஸர் பெயரை மந்திரம் மாதிரி ஒப்பித்தார். இவள் கேட்டது வேறு. "ரேம் போர்டோடயே ஒட்டினதா, ஸ்லாட் இருக்காண்ணா?" "எட்டு ஜிபி இருக்கு மேடம்." "அது தெரியுது. நாளைக்கு இன்னொரு எட்டு போட முடியுமா?" அவர் உள்ளே போய்க் கேட்டு வந்தார்.

அடுத்த கேள்வி பேட்டரி. அட்டையில் "10 மணி நேரம் வரை" என்று இருக்கும். அந்த "வரை" என்ற வார்த்தையில்தான் வியாபாரமே இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் வாட் ஹவர் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும். 50 வாட் ஹவர் பேட்டரி, எக்ஸெல்லும் பிரௌசருமாகச் சராசரி 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 60 பேர் உட்காரும் வகுப்பில் பிளக் பாயின்ட் இரண்டு, அதிலும் ஒன்று வேலை செய்யாது என்கிற ஊரில் அந்தக் கணக்குதான் நிஜம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கார்ப்பரேட் அக்கவுண்டிங் வரும்போது அவளே படிப்பாள். கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்பின் ஆயுள் 3 வருஷம். பி.காமும் 3 வருஷம்! மீதி மதிப்பு 5 சதவீதம், அதாவது 2,400 போனால் 45,600. வருஷத்துக்கு 15,200. செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் நாளுக்கு 84 ரூபாய். தினமும் தூக்கிப் போனால்தான் அந்த 84. பாரம் தாங்காமல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொண்டு போகிற லேப்டாப்புக்கு அதுவே 211 ஆகிவிடும்.

1.7 கிலோவில் 15.6 இன்ச் ஒன்றும் இருந்தது, நம்பர் பேடோடு. அப்பா அதை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். ஆனால் இவளுடைய பேக்கில் நுழையவில்லை. கடைசியில் 14 இன்ச், 1.4 கிலோ, ஒரு ஸ்லாட் காலி, போன் சார்ஜர் அளவுக்கு ஒரு சின்ன சார்ஜர். நம்பர் பேட் இல்லை. அப்பா பில் கட்டும்வரை எதுவும் பேசவில்லை.

முதல் நாள் ராத்திரி டேலி எஜுகேஷன் பதிப்பைப் போட்டார்கள். (தெரியாதவர்களுக்கு: அதில் மாதத்தின் சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும்.) அப்பா ஜர்னலுக்கு எஃப்7-ஐ அழுத்தினார். திரை வெளிச்சம் குறைந்தது. மறுபடி அழுத்தினார். இன்னும் இருட்டு. "இதுக்குத்தான் சொன்னேன்" என்கிற மாதிரி ஒரு பார்வை. எஃப்என் கீயையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் கடையிலிருந்து வரும்போது அப்பா கையில் ஒரு சின்னக் கவர். யூஎஸ்பியில் மாட்டுகிற தனி நம்பர் பேட், சில நூறு ரூபாய் சமாச்சாரம். "வீட்டுலயே இருக்கட்டும், பேக்ல வைக்காதே" என்றார். அவள் அசைன்மென்ட் முடித்து எழுந்ததும் அவர் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டு, கடைக்கணக்கு நோட்டைப் பிரித்தார்.