மோதிர விரல் இல்லாத டி

அக்டோபர் 29

மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகினேன். அவ்வளவுதான் செய்தேன். இடது கை மோதிர விரலின் நுனி மடங்கிக் கிடக்கிறது, நிமிர மாட்டேன் என்கிறது. வலி பெரிதாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 30

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். எலும்பு தப்பித்தது, நுனியை நிமிர்த்துகிற தசைநார்தான் அறுந்திருக்கிறதாம். கிரிக்கெட் பந்து பிடிக்கிறவர்களுக்கு வரும், மெத்தை விரிப்பு செருகுகிறவர்களுக்கும் வரும் என்றார். வெளியில் சொல்ல நான் கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் மாட்டி டேப் சுற்றிவிட்டார். எட்டு வாரம். நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து. எண்ணிப் பார்த்தேன். சரியாக டிசம்பர் 25.

இருபத்தெட்டு வருஷமாக எங்கள் சபையில் கேரல் ரவுண்ட்ஸுக்கு கிதார் நான்தான்.

நவம்பர் 2

ராத்திரி எல்லோரும் தூங்கியபின், கிதாரைத் தொடாமல், காற்றில் ஒவ்வொரு கார்டாகப் பிடித்துப் பார்த்தேன். ஜி-க்கு மோதிர விரல் வேண்டும். சி-க்கு வேண்டும். டி-க்கு அதுதான் ஆணி, இரண்டாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில். ஈ மைனர் மட்டும்தான் மிச்சம். ஈ மைனரை வைத்துக்கொண்டு கிறிஸ்து பிறப்பைப் பாட முடியாது.

நவம்பர் 9

கொயர் மாஸ்டர் ஒரு பையனை அனுப்பியிருந்தார். முதலாமாண்டு கல்லூரி. "மாமா, பாட்டெல்லாம் ஒரு தடவை சொல்லித் தாங்க" என்று வராண்டாவில் உட்கார்ந்தான்.

ஜி பிடித்தான். எனக்குச் சுள்ளென்றது. ஆறாவது கம்பியில் மோதிர விரல், ஐந்தாவதில் நடுவிரல், முதல் கம்பியில் சுண்டுவிரல். நான் கற்றதும் கற்பித்ததும் வேறு: ஆறாவதில் நடுவிரல், ஐந்தாவதில் சுட்டுவிரல், முதல் கம்பியில் மோதிர விரல். சுண்டுவிரல் சும்மா இருக்கும், வேண்டும்போது ஒரு நகாசு வேலைக்கு ஆகும். இதுதான் முறை என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்!

"தப்பு" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் ஜி-யிலிருந்து சி-க்குப் போனான். மோதிர விரலும் நடுவிரலும் ஆளுக்கொரு கம்பி கீழே இறங்கின, ஃப்ரெட் மாறவில்லை. சுட்டுவிரல் இரண்டாவது கம்பியில் போய் உட்கார்ந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதுபோல. என் முறையில் மூன்று விரலும் கிளம்பி வேறு வேறு இடத்துக்குப் போய் இறங்க வேண்டும். பழகிவிட்டதால் தெரிவதில்லை.

"யாருலே இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"அம்மாதான் மாமா. உங்ககிட்ட படிச்சிருக்காங்களாம். மூணு மாசம்."

நவம்பர் 10

ஞாபகம் இருக்கிறது. ரெட்டைச் சடை. கை ரொம்பச் சின்னது. விரலைத் தட்டிவிட்டேன். மூன்று மாதம்தான் வந்தாள்.

நவம்பர் 17

இன்று மட்டும் மூன்று போன். மூன்று பேரும் ஜாங்கோ ரைன்ஹார்டைப் பற்றிச் சொன்னார்கள். 1928-ல் அவர் வசித்த வண்டியில் தீப்பிடித்தது, இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போயின, மிச்ச இரண்டு விரலில் சோலோ வாசித்து உலகத்தையே அசத்தினார். தெரியும் ஐயா. அவர் மேதை. நான் கணக்கு வாத்தியார். கால் உடைந்தவனிடம் எவரெஸ்ட் ஏறியவன் கதை சொல்வது என்ன ஆறுதல்?

நவம்பர் 23

இதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

எரிச்சலில்தான் கிதாரை எடுத்தேன். ஸ்பிளின்ட் விரல் ஆன்டெனா மாதிரி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. டி வேண்டும். சுட்டுவிரலை இரண்டாவது ஃப்ரெட்டில் கீழ் மூன்று கம்பிகளின்மேல் படுக்க வைத்தேன். நடுவிரலை இரண்டாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் ஊன்றினேன். டி வந்துவிட்டது. கொஞ்சம் கறகறவென்று, ஆனால் டி.

இனி ஏ செவன். யோசிக்காமலே சுட்டுவிரலை இன்னும் ஒரு கம்பி மேலே நீட்டிவிட்டேன். நான்கு கம்பி ஆயிற்று. நடுவிரல் இரண்டாவது கம்பியை விட்டு அதே ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு நகர்ந்தது. ஏ செவன்!

திரும்ப டி. திரும்ப ஏ செவன். கை கிளம்பவே இல்லை. இத்தனை வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை விழும். வலது கையை ஓங்கித் தட்டி அதை மூடிவிடுவேன். மூட வேண்டிய ஓட்டையே இப்போது இல்லை.

ஜி-க்கு முதல் கம்பியில் சுண்டுவிரலைக் கூப்பிட்டேன். வந்தது. ஆடிக்கொண்டே, ஆனால் வந்தது. சி இன்னும் கொடுமைதான்.

வீட்டம்மா எழுந்து வந்து, "மணி ஒண்ணரை" என்றாள்.

நவம்பர் 24

சுட்டுவிரல் முழுக்கக் கோடு கோடாக வலி. பாத்திரம்கூடத் தூக்க முடியவில்லை.

டிசம்பர் 3

கேரல் பிராக்டிஸ். பையன் மெயின், நான் பக்கத்தில் துணைக்கு. 'சைலண்ட் நைட்' எந்த ஸ்கேல் என்று ஒரு சர்ச்சை. கீபோர்டுக்காரர் பி ஃபிளாட் வேண்டும் என்கிறார். நான் விடவில்லை. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியபோது துணைக்கு இருந்தது கிதார். வரிகளை எழுதிய பாதிரியார் மோர்தான் கிதாரும் வாசித்தார். மெட்டுப் போட்ட க்ரூபர் என்னைப்போல் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஸ்கேல் டி மேஜர். இவ்வளவையும் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

என் டி-யும் ஏ செவனும் அடுத்தடுத்து வருகிற பாட்டு அது என்பதை மட்டும் சொல்லவில்லை.

டிசம்பர் 12

பாத்ரூமில் கால் வழுக்கியது. சோப்புக்காகக் கழற்றியிருந்த நேரம். சுவரைப் பிடித்தேன். விரல் மடங்கியது, நன்றாகவே.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும்.

டிசம்பர் 19

கேரல் ரவுண்ட்ஸ். பதினோரு வீடு. ஒன்பதாவது வீடு பையனுடையது என்பது கேட்டில் நின்றபிறகுதான் தெரிந்தது.

'சைலண்ட் நைட்' பாடினோம். பாட்டு முடிந்ததும் அவள் கேக் தட்டோடு வந்தாள். நரை தெரிகிறது. என் கையைப் பார்த்தாள்.

"இந்த விரலோட ஜி எப்படிப் பிடிக்கிறீங்க சார்?"

பிடித்துக் காட்டினேன். சுண்டுவிரல் நடுங்கியது.

"ஓ" என்றாள். தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, வலது முன்கையைக் கிதார்க் கழுத்துபோல நீட்டி, இடது கை விரல்களை அதன்மேல் வைத்தாள். மோதிர விரல், நடுவிரல், சுண்டுவிரல். "நான் இன்னும் இப்படித்தான்."

"சி-க்குப் போறதுக்கு லேசு" என்றேன்.

"ஆமா சார்."

சாண்டா கிளாஸ் மணியை ஆட்டிவிட்டார். அடுத்த வீடு.

டிசம்பர் 20

அவளிடம் இன்னும் ஏதாவது பேசியிருக்கலாம். கேக் நன்றாக இருந்தது என்றாவது.

டிசம்பர் 25

அதிகாலை ஆராதனைக்குப் பையன் தனியாக வாசித்தான். ஒரு இடத்தில் டி-யிலிருந்து ஏ செவனுக்குச் சுட்டுவிரலைப் படுக்க வைத்துப் போனான். நான் சொல்லித் தரவில்லை. அவனுக்குப் பத்து விரலும் சரியாகத்தான் இருக்கின்றன.

இன்றோடு எட்டு வாரம். வீட்டில் எல்லோரும் கழற்றச் சொல்லிச் சுற்றி நிற்கிறார்கள். 12-லிருந்து எண்ணினால் பிப்ரவரி 6. குறித்து வைக்கலாமென்றால் புதுக் காலண்டர் இன்னும் வரவில்லை.