அனுப்புவது வேறு, எழுதுவது வேறு





வகுப்பாசிரியருக்கு ஓர் ஐயம் எழுந்தால் தலைமையாசிரியரிடம் கேட்கலாம். தலைமையாசிரியருக்கே ஐயம் எழுந்தால் அவர் யாரிடம் கேட்பார்? தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளிகள் பல உண்டு. அவ்விருவரில் ஒருவரே தலைமையாசிரியர். மக்தப் மதரஸாக்களின் நிலையோ இன்னும் தனிமையானது. ஃபஜ்ருக்குப் பின்னும் மக்ரிபுக்குப் பின்னும் ஐம்பது பிள்ளைகளை ஒரே உஸ்தாது வைத்துக்கொண்டு ஓதிக்கொடுக்கும் இடங்களை நாம் அறிவோம். தம் தொழிலைக் குறித்து மனம் விட்டுப் பேச அவருக்குத் துணை இல்லை. கையில் ஒரு கைப்பேசி மட்டும் உண்டு.

அந்தக் கைப்பேசியில் இன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. சுற்றறிக்கைகள், நிரப்ப வேண்டிய படிவங்கள், விழாப் படங்கள், வாழ்த்துகள் என்று நாள்தோறும் வந்து குவிகின்றன. இவற்றுள் சில தேவையானவைதாம். எனினும் அவை அலுவலகப் பணி, கற்றல் அல்ல. ஒருவர் அனுப்பியதை இன்னொருவருக்கு அனுப்புவதால் நம் வகுப்பறையில் எதுவும் மாறுவதில்லை. நம் வகுப்பில் நடந்ததை நாமே எழுதும்போதுதான் கற்றல் தொடங்குகிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலராக இருந்த முனைவர் நா. அருள்முருகன், தமிழாசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம் நடைபெறச் செய்தார். கவிஞர் நா. முத்துநிலவன் போன்ற மூத்த ஆசிரியர்கள் முன்னின்று உழைத்தார்கள். அம்மாவட்ட ஆசிரியர்கள் பலர் சொந்தமாக வலைப்பூ தொடங்கி எழுதலானார்கள். இரண்டே ஆண்டுகளில், 2015 அக்டோபர் 11 அன்று, புதுக்கோட்டைக் கணினித் தமிழ்ச் சங்கத்தார் வலைப்பதிவர் திருவிழாவைத் தம் ஊரிலேயே நடத்தினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மேலதிகாரி ஆணை பிறப்பித்ததோடு நின்றிருந்தால் ஆசிரியர்கள் ஒரு பதிவு எழுதி, படம் எடுத்து அனுப்பிவிட்டு மறந்திருப்பார்கள். மூத்தவர்களும் உடன் அமர்ந்து எழுதியதால்தான் அது நிலைத்தது.

விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை அன்னபூர்ணா மோகன், ஒலிப்பு முறையில் ஆங்கிலம் கற்பித்ததை முகநூலில் காணொளிகளாக வெளியிட்டார். கடல் கடந்து வாழ்பவர்களும் பார்த்துப் பள்ளிக்கு உதவினார்கள். உதவி வந்தது மகிழ்ச்சியே. ஆனால் எங்கோ ஒரு சிற்றூர் வகுப்பறையில் கையாளப்பட்ட முறையை மற்ற ஆசிரியர்கள் கண்ணால் கண்டார்களே, அதை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு கல்வியாளர் மூவர், ட்விட்டரில் வாரம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடிப் பேசும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு தலைப்பு, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இந்த ஒழுங்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மேலப்பாளையத்தைச் சுற்றியுள்ள உஸ்தாதுகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவில் நாமும் இருக்கிறோம். வியாழன் இரவு ஒரே ஒரு கேள்வி மட்டும் வைக்கப்படும். ஒருமுறை எழுந்த கேள்வி இது: ஸா, ஸீன், ஸாத் என்னும் மூன்று எழுத்துகளையும் நம் பிள்ளைகள் ஒரே ஒலியில் ஓதுகிறார்களே, என்ன செய்வது? ஓர் உஸ்தாது குரல் பதிவில் விளக்கினார். ஸாவுக்கு நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும், ஸாத்துக்கு நாவின் பின்பகுதி உயர வேண்டும் என்று பிள்ளைகளை வைத்தே ஓதிக் காட்டினார். இன்னொருவர், ஆளுக்கொரு சிறு கண்ணாடியைக் கொடுத்து நாவின் நுனியைப் பார்க்கச் சொன்னதாக எழுதினார். மூன்றாமவர், கண்ணாடியால் ஸா திருந்தியது, ஸாத் திருந்தவில்லை என்றார். இந்த மூன்றாம் விடைதான் எல்லோருக்கும் அதிகம் பயன்பட்டது. ஏனெனில் நாவின் பின்பகுதி கண்ணாடியில் தெரியாது. அதற்குச் செவிப்பயிற்சியே வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவானது.

வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு வாரத்தில் அடியில் போய்விடும். கைப்பேசி மாறினால் அழிந்தும் போகலாம். ஆகவே மாதம் ஒருமுறை அந்த விடைகளைத் தொகுத்து ஒரு வலைப்பூவில் இடுவது நல்லது. தட்டச்சுப் பழகாதவர்கள் தமிழில் பேசியே எழுத இன்று வசதி இருக்கிறது.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதப் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றதை இமாம் புகாரீ குறிப்பிடுகிறார். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று சனதைப் பார்க்கும் சமுதாயம் நாம். பாட அனுபவத்துக்கும் ஒரு சனது வேண்டும். எழுதியவர் பெயர், எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள், எது பலிக்கவில்லை என்ற ஐந்தையும் எழுதினால் படிப்பவர் நம்பிச் செய்து பார்க்கலாம்.

பிள்ளைகளின் கண்ணியத்தில் மட்டும் மிகுந்த பேணுதல் தேவை. ஒரு பிள்ளை திக்கித் திக்கி ஓதுவதைக் காணொளியாக்கினால் அதைத் தெருவே பார்க்கும். ஆண்டுகள் கழிந்தாலும் அது நிற்கும். 18 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முறையை எழுதுவோம், பிள்ளையின் முகத்தையும் பெயரையும் விட்டுவிடுவோம்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. இந்த வாரம் உங்கள் பள்ளியில் விடை தெரியாத ஒரு கேள்வியை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். தலைவர் படம் மட்டும் கேட்டால் இளைய ஆசிரியர் படத்துக்காகப் பாடம் நடத்துவார். தலைவரே தமக்குப் புரியாததைக் கேட்டால், தம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை இருப்பதை அவரும் அச்சமின்றிச் சொல்வார். அதைச் சொன்னால்தான் அந்தப் பிள்ளைக்கு வழி பிறக்கும்.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.